பேய் வரிசையில் ஒரு காதலன்

கேள்வி: தன்பாலினக் காதலும் பேயும் ஒரே நாவலில் வந்தால் எதற்குப் பயப்படுவது? (வாசகி, வத்தளை)

பதில்: பேய்க்கு வேண்டாம்! ஷெஹான் கருணாதிலகவுக்கு 2022இல் புக்கர் பரிசு வாங்கித் தந்த 'தி செவன் மூன்ஸ் ஒப் மாலி அல்மெய்டா'வில் கதை சொல்வதே பேய்தான். போரைப் படம்பிடித்த மாலி செத்துக் கண் விழித்தால் எதிரே ஒரு கந்தோர், நீண்ட வரிசை, கூச்சல். கொழும்புக்காரனுக்கு மறுமையிலும் வரிசைதான்! உடல் பேர வாவியில். கட்டிலுக்கடியில் ஒளித்த படங்களை வெளியே கொண்டுவர ஏழே இரவுகள்.

குலை நடுங்க வைப்பது, ஆட்கள் காணாமல்போன 1990ஆம் ஆண்டுக் கொழும்பு.

மாலி காதல் வைத்தது டிடி என்ற தமிழ் இளைஞன்மீது; ஆண்களுக்கிடையிலான உடலுறவையோ இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இலேயே குற்றமாக்கிவிட்டது. என்ன கொடுமை!

அடுத்து, பேயில்லாமல் இதே காதலைப் பேசும் ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' (1994) நாவலை எடுங்கள். சேலை சுற்றி மணப்பெண்ணாக விளையாடிய ஆர்ஜி, 1983 யூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் எரிந்த வீட்டை விட்டுப் போகிறான்.