யார் உட்கார்ந்தது?

பழைய நாற்காலி சேகரிக்கிறவனை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் கடைக்குள் நுழைந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இவன் அதைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு, செல்போன் வெளிச்சத்தில் அதன் அடிவயிற்றை ஆராய்வான். திருகாணித் தலையில் இருப்பது ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா? லேபிள் ஒட்டியிருந்த தடம் ஏதாவது தெரிகிறதா? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நான் இந்தக் கோலத்தில் இருந்தபோது ஒரு பெரியவர், "என்ன தம்பி, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று கேட்டபடி தானும் குனிந்து தேட ஆரம்பித்தார்.

"இல்லீங்க. இது அம்பதுகள்ல செஞ்சதான்னு பாக்குறேன்."

அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா என்னையும் சேர்த்து ஒரு விலை போடுங்க. நானும் அம்பதுலதான் பொறந்தேன். காலு ரெண்டும் ஆடுது, மத்தபடி ஒரிஜினல்."

இந்தச் சரக்குக்கு வியாபாரிகள் வைத்திருக்கும் பெயர் மிட் செஞ்சுரி மாடர்ன். இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை, முக்கியமாக அமெரிக்காவிலும் டென்மார்க் பக்கத்திலும் வடிவமைத்த நாற்காலி, சோபா வகையறா. மெல்லிய கால்கள். சிங்கமுகம், பூவேலை, ஜிகினா எதுவும் கிடையாது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மணமக்களுக்குப் போடும் சிம்மாசனத்துக்கு நேர் எதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரோ சாரினென் என்ற அமெரிக்கக் கலைஞருக்கு மேசைக்கு அடியில் தெரியும் கால்களின் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. நான்கு காலையும் ஒழித்துவிட்டு ஒரே தண்டில் டியூலிப் நாற்காலியை நிற்க வைத்தார். ஜார்ஜ் நெல்சனின் அலுவலகத்தில் 1956ல் உருவான மார்ஷ்மெல்லோ சோபாவோ 18 வட்டத் திண்டுகளை ஓர் உலோகச் சட்டத்தில் வரிசையாக மாட்டிய சமாசாரம். பார்த்தால் உட்காரத் தோன்றாது, எண்ணத்தான் தோன்றும்.

இந்த உலகத்தின் கர்ப்பக்கிரகத்தில் இருப்பது சார்ல்ஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் 1956ல் செய்த லவுஞ்ச் சேர். வளைத்த ஒட்டுப்பலகை ஓடு, உள்ளே தோல் மெத்தை, கால் நீட்ட ஒரு குட்டி முக்காலி. முதுகுப் பலகையைத் தாங்குபவை பசை போட்டு ஒட்டிய ரப்பர் வில்லைகள். பல பத்தாண்டுகள் கழிந்தால் பசை காய்ந்து ரப்பர் பிடி விடும். அப்போது யாராவது ஆசையோடு சாய்ந்தால், அவரும் முதுகுப் பலகையும் தனித்தனியே தரைக்கு வருவார்கள். சரி, மரத்தில் துளை போட்டு போல்ட் முடுக்கிப் பத்திரமாக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆக்கலாம், ஆனால் விலை இறங்கிவிடும். உட்காருகிறவனைக் காப்பாற்றும் நாற்காலி மலிவு. அந்தப் பொறுப்பை ஏற்காத நாற்காலிதான் உசத்தி.

அசல் ஈம்ஸ் வாங்கும் வசதி எனக்கு இல்லை. நான் தேடுவதெல்லாம் அதே காலத்து, அதே சாயல் கொண்ட நம் ஊர்த் தேக்கும் பிரம்பும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை, பல்லாவரத்தில் ஒரு நடை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. ஒவ்வொன்று வீட்டுப் படியேறும்போதும் வாசலில் அத்தை நிற்பார். கேள்வி ஒன்றுதான்.

"இதுல யார் உட்கார்ந்ததோ?"

அத்தைக்கு அது கேள்வியல்ல, தீர்ப்பு. சாய்வு நாற்காலி என்றால் இன்னும் மோசம். அதில் எந்தக் கிழவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடியவர் திறக்காமலே போனாரோ! எங்கள் குடும்பத்தில் ஒருவர் போய்விட்டால் அவர் கட்டிலும் நாற்காலியும் பின்வாசல் வழியாகப் போய்விடும். இப்போது அதே வகையறா காசு கொடுத்து முன்வாசல் வழியாக வருகிறது என்றால் அத்தை மனசு என்ன பாடுபடும்?

ஈம்ஸ் தம்பதியின் பெருமையைச் சொல்லி அவரை வழிக்குக் கொண்டுவரப் பார்த்தேன். இந்திய அரசு அழைத்து இங்கே வந்தார்கள். ஊரெல்லாம் சுற்றி 1958ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961ல் பிறந்ததற்கு அதுதான் வித்து. இங்கே பார்த்தவற்றில் அவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பொருள் எது தெரியுமா? செம்பு. தண்ணீர் மொள்ளும் செம்பு. அத்தை நிதானமாகக் கேட்டார்: "அந்த நாற்காலியைச் செஞ்சவங்களே நம்ம சொம்பைப் பார்த்து மயங்கியிருக்காங்க. சொம்பு நம்ம வீட்டுல ஒன்பது கிடக்கு. உனக்கு எதுக்குடா நாற்காலி?"

என் கையிருப்பில் ஓர் அலுவலக நாற்காலி உண்டு. தேக்குச் சட்டம், பிரம்பு முதுகு, பின்பக்கம் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண். பிரம்பு கிழிந்திருந்ததால் பின்ன ஆள் கூட்டிவந்தேன். மனுஷர் வேலைக்காரர். பிரம்புப் பட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சட்டத்தைச் சுற்றியிருக்கும் துளைகளில் நெடுக்கே ஓர் ஓட்டம், குறுக்கே ஓர் ஓட்டம், மறுபடி நெடுக்கே, மறுபடி குறுக்கே, பிறகு மூலைவாட்டில் மேலும் கீழுமாக நுழைத்து, ஒவ்வொரு துளையிலும் சின்னக் குச்சியைச் செருகி இறுக்கிக்கொண்டே போனார். பின்னல் காயக் காயத் தானாகவே விறைத்தது. சுண்டினால் தம்பட்டம் மாதிரி சத்தம். எல்லாம் முடிந்ததும் உப்புத்தாளைக் கையில் எடுத்தார்.

"பின்னாடி ஏதோ நம்பர் கிறுக்கி வெச்சிருக்கானுங்க சார். தேச்சு எடுத்துட்டு பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடும்."

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். புதுசு மாதிரி ஆகக் கூடாது என்பதற்காக ஒரு மனிதன் கையெடுத்துக் கும்பிடுவதை அந்தப் பிரம்புக்காரர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

நம்பரின் மகிமை தெரிய வேண்டுமானால் சண்டிகருக்குப் போக வேண்டும். புதிய தலைநகரை உருவாக்க 1950களில் லெ கொர்பூசியே வந்தபோது, கூடவே அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ழானரேயும் வந்தார். அண்ணன் வந்து வந்து போனார். தம்பி 1965 வரை அங்கேயே தங்கிவிட்டார். தலைமைச் செயலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் நாற்காலி வேண்டுமே! ழானரேயும் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கலைஞர்களும் சேர்ந்து தேக்கிலும் பிரம்பிலும் வடிவம் போட்டார்கள். 'வி' எழுத்தைக் கவிழ்த்த மாதிரிக் கால்கள். உள்ளூர்ப் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தன. எந்த இலாகாவின் சொத்து என்று பின்பக்கம் பெயின்டில் எழுதினார்கள். குமாஸ்தாக்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தார்கள். பிரம்பு பிய்ந்ததும் மொட்டை மாடியில் குவித்து, கழிவுச் சாமான் கணக்கில் ஏலம் விட்டார்கள்.

அங்கேதான் ஐரோப்பிய வியாபாரிகள் வந்து சேர்ந்தார்கள். விறகு விலைக்குப் போன நாற்காலிகள் பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலங்களில் லட்சங்களுக்குப் போயின. ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர், பணக்கார வீட்டுக் கூடத்தில் தொடங்கி ஏலக்கூடம், கப்பல், சண்டிகர் அலுவலகம் என்று இந்த நாற்காலிகளின் பயணத்தைத் தலைகீழாகக் காட்டி ஒரு படமெடுத்தார். பிறகு அந்தப் படத்தையே 2013ல் லண்டனில் ஏலம் விட்டார்; இந்தக் கூட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஆள் அவர்தான். நம் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயது ஆனதைத்தான் பாதுகாக்கும். நாற்காலிக்கு அவ்வளவு வயதாகவில்லை. இனி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2011ல் உத்தரவு போட்டது. அதற்குள் நிறையப் போய்விட்டன.

வெளிநாட்டில் அந்த நாற்காலிக்கு அத்தாட்சி எது? பின்பக்கத்து எண்தான். ஏதோ ஓர் இலாகாவின் குமாஸ்தா உட்கார்ந்தது என்பதற்கான சாட்சி அது. அத்தை வாசலில் கேட்கும் அதே கேள்வியை ஏலக்கூடத்திலும் கேட்கிறார்கள். "யார் உட்கார்ந்தது?" அத்தை கேட்டால் நாற்காலி வெளியே போகிறது, அவர்கள் கேட்டால் விலை மேலே போகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் ஒன்றுபடும்: மூட்டைப்பூச்சி. முன்னால் உட்கார்ந்தவர்களின் ரத்தவழி வாரிசு என்று உரிமை கொண்டாடும் தகுதி அதற்கு மட்டும்தான் இருந்தாலும், எந்த ஏலக்காரரும் அதைப் பூர்வீகத்தில் சேர்ப்பதில்லை. நாங்களும் வெந்நீரும் வெயிலுமாக மொட்டை மாடியில் வைத்துத்தான் கணக்கைத் தீர்த்தோம்.

உட்கார்ந்தவர் பெரிய மனிதர் என்றால் கேட்கவே வேண்டாம். டென்மார்க்கின் ஃபின் யூல் 1949ல் கோபன்ஹேகன் கண்காட்சியில் அகலமான ஒரு நாற்காலியை வைத்தார். மன்னர் ஒன்பதாம் ஃபிரெடெரிக் வந்து அதில் அமர்ந்தார். 'தலைவர் நாற்காலி' என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதே வருடம் ஹான்ஸ் வேக்னர் செய்த வட்ட நாற்காலி, 1960ல் கென்னடியும் நிக்சனும் மோதிய தொலைக்காட்சி விவாதத்தில் இடம்பிடித்தது. தேர்தலில் ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். நாற்காலி மட்டும் இரண்டு பக்கமும் ஜெயித்தது.

உச்சம் எதுவென்றால் கிறிஸ்டீன் கீலர் கதை. பிரிட்டிஷ் அமைச்சர் புரொஃப்யூமோவின் பதவியைக் காவு வாங்கிய விவகாரத்தின் நாயகி. 1963ல் அவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்திருக்க, லூயிஸ் மார்லி எடுத்த படம் உலகப் பிரசித்தம். ஆர்னே யாகோப்சன் 1955ல் வடிவமைத்த நாற்காலி என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது போலி! அசலில் இல்லாத ஓர் ஓட்டை அதன் முதுகில் இருக்கிறது. ஆனாலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறது. அசலா போலியா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் இந்த உலகத்தில், சரியான ஆள் உட்கார்ந்துவிட்டால் போலிக்கும் மோட்சம் உண்டு.

எந்த ஏலத்துக்கும் போகாமல் நிம்மதியாக இருக்கும் நாற்காலிகளும் உண்டு. அவற்றுக்கு டென்மார்க் போக வேண்டாம், புதுச்சேரி பஸ் ஏறினால் போதும். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. அவருடைய ஆளாக 1930களில் அங்கே வேலை பார்க்க வந்த ஜார்ஜ் நாகஷிமா, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிச் சீடராகவே சேர்ந்துவிட்டார். சுந்தரானந்தர் என்று பெயரும் கிடைத்தது. விடுதிக்குத் தேக்கில் சாமான்கள் செய்தது அவர்தான். பின்னாளில் அமெரிக்கா திரும்பி, மரத்தின் விரிசலை மறைக்காமல் பட்டாம்பூச்சிக் கட்டை பதித்துக் காட்டும் மேசைகளால் உலகப் புகழ் பெற்றார். கோல்கொண்டாவில் இன்றும் ஆட்கள் தங்குகிறார்கள், அறைகளைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். விற்கிற பேச்சே இல்லாததால் அங்கே யார் உட்கார்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. உட்காருகிறார்கள், எழுந்து போகிறார்கள்.

இதையெல்லாம் ஒரு நாள் மூச்சு விடாமல் அத்தையிடம் சொல்லி முடித்தேன். அவர் வழக்கமான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"அப்போ விலை நாற்காலிக்கு இல்லை, உட்கார்றவங்களுக்குத்தான். அப்படித்தானே?"

"அப்படியும் வெச்சுக்கலாம் அத்தே."

"சரி, அந்த நம்பர் போட்ட நாற்காலியில நான் உட்காரணும்னா எவ்வளவு தருவே?"

ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்தேன். ராஜாவுக்கும் கென்னடிக்கும் எவ்வளவு கொடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.