பிராது இல்லாத பேய்

பேயை வைத்துப் போட்டி நடத்துவது தொலைக்காட்சிக்குப் பழகிப்போன தொழில். அமெரிக்க எம்டிவி 2000ஆம் ஆண்டிலேயே இளைஞர்களின் உடம்பில் கேமராவைக் கட்டி, கைவிடப்பட்ட சிறைச்சாலைக்குள் இருட்டில் அனுப்பிவைத்தது. 2015இல் வந்த ‘ஹெல்லிவேட்டர்’ இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. பாழடைந்த கசாப்புக் கூடம், அதற்குள் ஒரு பழைய லிஃப்ட், லிஃப்டுக்குள் மூன்று நண்பர்கள். அது நிற்கிற தளத்திலெல்லாம் ஒரு பயங்கரம். தாக்குப்பிடித்தால் 50,000 டாலர் வரை பரிசு. இந்தியாவில் இந்தச் சரக்கு பெரும்பாலும் பாம்பு, பல்லி, கரப்பான் வடிவத்தில்தான் வந்திறங்கியது. 2008இல் கலர்ஸ் சேனல் அக்‌ஷய் குமாரை வைத்து நடத்திய ‘கத்ரோன் கே கில்லாடி’ அந்த ரகம். வயல் நண்டை இடித்து ரசம் வைத்துச் சளிக்குக் குடிக்கிற காவிரிப் பாசன ஊர்களில், ஒருவர் பூச்சியைப் பார்த்து அலறுவதைச் சாகசம் என்று விற்பது கொஞ்சம் சிரமம். சரி, பேயாவது எடுபடுமா? கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து வீட்டுக் கூடங்களில் அதுவும் அவ்வளவு சுலபமில்லை. டிவியில் கதவிடுக்கிலிருந்து வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி பாய்ந்தால் போட்டியாளர்தான் அலறுவார். கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பெரியம்மா, “யாரு இவ? என்ன குறையாம் இவளுக்கு?” என்று கேட்பார். பதில் வராது. நிகழ்ச்சி அடுத்த கதவுக்குப் போய்விடும். பெரியம்மா அடுத்த சேனலுக்குப் போய்விடுவார்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். டெல்டா ஜனங்களுக்குப் பகுத்தறிவு முற்றிவிட்டது என்பது ஒன்று. சீரியல் பார்த்துப் பார்த்து உணர்ச்சி மரத்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. பெரியம்மா கேட்டது விசாரணைக்கு உட்கார்ந்தவர் கேட்கிற கேள்வி. இந்த மண்ணில் பேய் ஒரு வாதி. அதற்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, குறை உண்டு, குறைக்குக் காரணமான எதிர்வாதியும் எங்கேயோ உண்டு. உடுக்கை அடிக்கிற பூசாரி எடுத்த எடுப்பில் கேட்பதும் இவைதான்: “யார் நீ? எங்கே பிடிச்சே? என்ன வேணும்?” தாலுகா ஆபீஸ் மனுவில் எழுதச் சொல்வதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பேயும் முறுக்கிக்கொண்டு நின்றாலும் கடைசியில் பதில் சொல்லிவிடும். கோழி, புடவை, சுருட்டு என்று கேட்டு ராஜிக்கு வரும். காவிரித் தண்ணீருக்கு 1990இல் நடுவர் மன்றம் அமைத்து, 2007இல் இறுதித் தீர்ப்பு வாங்கி, 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று சொல்லும்வரை காத்திருந்த ஊர்க்காரர்களுக்கு வழக்கு என்றால் என்னவென்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பிராது எழுதாமல் வந்து நிற்கிற பேயை அவர்கள் பேய் என்றே ஏற்பதில்லை. மேக்கப் போட்ட ஆள் என்று சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பிராதோடு வந்த பேய்க்கு இங்கே கிடைக்கும் மரியாதையைத் திருவிடைமருதூரில் பார்க்கலாம். குதிரையில் விரைந்த வரகுண பாண்டியனின் குளம்படியில் ஓர் அந்தணர் இருட்டில் மிதிபட்டு இறந்தார். பிரம்மஹத்தி பாண்டியனைத் தொடர்ந்தது. அவன் மகாலிங்க சுவாமி கோயிலின் கிழக்கு வாசல் வழியே உள்ளே போக, அது வாசலிலேயே நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியே வெளியேறி ஊருக்குப் போய்விட்டான். தலபுராணம் சொல்லும் இந்தக் கதையில் நான் வியப்பது பாண்டியனை அல்ல, பிரம்மஹத்தியை. உள்ளே போகக்கூடாது என்ற ஒழுங்கை மதித்து, எதிர்வாதி திரும்பி வருவான் என்று நம்பி, ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கிழக்கு வாசலில் அது காத்திருக்கிறது. இவ்வளவு நீண்ட வாய்தா மாவட்டக் கோர்ட்டில்கூடக் கிடையாது. இன்றைக்கும் அங்கே கும்பிடப் போகிறவர்களில் பலர் நுழைந்த வாசலால் திரும்புவதில்லை. எந்த வாசலில் நிற்கும், எதுவரைக்கும் வரும் என்பது தெரிந்த பேய் அது. அதனால்தான் அதற்கு இத்தனை பேர் வழிவிடுகிறார்கள். எல்லாக் கதவிலிருந்தும் பாய்கிற டிவிப் பேய்க்கு யாரும் ஓர் அங்குலம்கூட நகர்ந்துகொடுப்பதில்லை.

பார்வையாளர் பக்கத்து நியாயத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பதிவுசெய்துவைத்தவர் செயங்கொண்டார். முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாட வந்தவர், கலிங்கத்துப் பரணியில் பாதி இடத்தைப் பேய்களுக்கு ஒதுக்கிவிட்டார். அதில் இந்திரசாலம் என்று ஒரு பகுதி. இமயத்திலிருந்து ஒரு முதுபேய் வந்து, பசியில் வற்றிக் கிடக்கும் காளியின் கூளிகளுக்கு முன்னால் மாயவித்தை காட்டுகிறது. வெட்டுண்ட யானைத் தலை, ரத்த ஆறு, தசைக் குவியல் எல்லாம் கண்முன்னே விரிகின்றன. பேய்கள் விழுந்தடித்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை. வெறும் வாயைக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் இந்த வித்தை வேண்டவே வேண்டாம், நிறுத்தச் சொல் என்று காளியிடம் முறையிடுகின்றன. தமிழில் பயங்கரக் காட்சி ஒன்றுக்குக் கிடைத்த பழைய விமர்சனங்களில் இது ஒன்றாக இருக்க வேண்டும், விமர்சகர்களோ பேய்கள்! அவற்றின் குறை எளியது. காட்டினாய், கொடுக்கவில்லை. பிற்பாடு போர் முடிந்து நிஜக் கூழ் காய்ச்சும்போது பற்கள் அரிசியாகின்றன, முரசு உரலாகிறது, யானைத் தந்தம் உலக்கையாகிறது. பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய், விருந்துக்கு வந்த பேய் என்று ஆளுக்கேற்றபடி பரிமாறல் நடக்கிறது. கல்யாணச் சாப்பாட்டில் இலை பார்த்து உட்காரவைக்கிற ஊர்ச் சாமர்த்தியம் முழுவதும் இதில் இருக்கிறது. நெல் விளைகிற நாட்டில் பேயின் முதல் பிராது பசி. அதைத் தீர்த்துவைக்கிறவர்களும் அரிசி குற்றுகிற பாவனையில்தான் தீர்க்கிறார்கள். இந்திரசாலத்தில் ஏமாந்த பேய்களும் ரிமோட்டைக் கையில் வைத்திருக்கும் பெரியம்மாவும் ஒரே கட்சி.

“அவை எல்லாம் காவியம், புராணம். இது வெறும் விளையாட்டு. விளையாட்டுக்கு எதற்கய்யா வழக்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வேதாளம் நடத்தியதும் விளையாட்டுத்தான். அதுவும் சுத்தமான வினாடி வினா. விக்கிரமாதித்தன் முருங்கை மரத்திலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க, அது ஒரு கதை சொல்லிக் கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறு. வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில். நண்பருக்குப் போன் செய்ய முடியாது, பார்வையாளரைக் கேட்க முடியாது. அம்புலிமாமா அதைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அந்தப் பயமும் ருசியும் எங்கிருந்து வந்தன? கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியும் ஒரு தீர்ப்பைக் கோரியது. இவர்களில் யார் உத்தமர், அந்தப் பெண் யாருக்கு உரியவள், பாவம் யாரைச் சேரும் என்று படிக்கிறவனும் கூடவே உட்கார்ந்து நியாயம் சொன்னான். சன் டிவியில் 2000இல் வந்த ‘கோடீஸ்வர’னில் கேள்வி உண்டு, பணம் உண்டு, வேதாளம் இல்லை. அதை நடத்திய சரத்குமாரே 2011இல் ‘காஞ்சனா’வில் ஆவியாக வந்தார். ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை அரசியல்வாதி அபகரித்துக் கொன்றதற்காக நீதி கேட்டு வந்த ஆவி. கூட்டம் அலைமோதியது. படத்தின் முதல் பாதியில் பயந்தும் சிரித்தும் உட்கார்ந்திருந்த தியேட்டர், நிலப் பிரச்சினை என்று தெரிந்ததும் பேயின் கட்சிக்குத் தாவிவிட்டது. பட்டா, சிட்டா, அடங்கல் என்று அலைந்தவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. கேள்வி கேட்பவரும் ஆவியும் ஒரே மனிதராக அமைந்தும், இந்த இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் சேர்க்க எந்தச் சேனலுக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கரண்டு வந்தது, பேய் போனது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்பவர்கள் உண்டு. விவசாயத்துக்கு 1990 முதல் இலவச மின்சாரம். அதில் மும்முனைச் சப்ளை நள்ளிரவில் வருகிற முறைகளில், மோட்டார் போட வரப்பில் நடந்த விவசாயி முனிக்குப் பயந்ததைவிடப் பாம்புக்குப் பயந்ததுதான் அதிகம். அதுவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சம் பயத்தைப் போக்கிவிடும் என்றால் மெலட்டூரை என்ன செய்வது? நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே நடக்கும் பாகவத மேளாவில், வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரம் இரவெல்லாம் ஓடும். முழு வெளிச்சம், மைக், முன்வரிசையில் நாற்காலி. தூணைப் பிளந்து வருகிறவர் இன்னாருடைய மகன், இன்ன ஆபீஸில் வேலை என்பதெல்லாம் சபைக்குத் தெரியும். முடிவும் தெரியும். வசனம் பாதிப் பேருக்குப் புரியாது. இருந்தும், பூஜையில் வைத்த நரசிம்ம முகமூடியை விரதமிருந்து தரித்தவர் ஆவேசத்தில் இரணியன் மேல் பாய்கிறபோது, நாலைந்து பேர் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுகிறார்கள். அவ்வளவு நேரமும் இரணியனின் குற்றப்பத்திரிகை ஒவ்வொரு பக்கமாக வாசிக்கப்பட்டிருக்கிறது. பையனை மலையிலிருந்து உருட்டியது, யானையை ஏவியது, நெருப்பில் தள்ளியது. தூண் உடைகிற நேரத்தில் வந்திருப்பது தீர்ப்பு என்று சபைக்குத் தெரிகிறது. மணிக்கணக்கில் வாதம் கேட்டவன் நடுங்குவான். பத்து விநாடியில் கதவைத் திறந்து கத்துகிறவனைப் பார்த்து எப்படி நடுங்குவது?

இதைவிடக் கனமான மறுப்பு இங்கிலாந்திலிருந்து வரும். 1992 அக்டோபர் 31 அன்று பிபிசி ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற நாடகத்தை நேரலைபோல ஒளிபரப்பியது. மைக்கேல் பார்க்கின்சன் போன்ற நிஜத் தொகுப்பாளர்களே ஸ்டூடியோவில் உட்கார்ந்து நடித்தார்கள். நிஜம் என்று நம்பிப் பதறியவர்கள் ஏராளம். தொலைபேசிகள் திணறின. நாடகத்தைப் பார்த்து மனம் பாதிக்கப்பட்ட பத்து வயதுச் சிறுவர்களைப் பற்றிப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1994இல் எழுதியது. பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவில்லை. ஆக, டிவிப் பேயும் பயமுறுத்தத்தான் செய்கிறது, அதுவும் பிள்ளைகளை மோசமாக என்றால், நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு இவற்றைப் போடட்டும் என்பதில் எனக்கு விளையாட்டே கிடையாது. ஆனால் அந்த நாடகம் எப்படிப் பயமுறுத்தியது என்று பாருங்கள். அதில் வரும் பேய்க்குப் ‘பைப்ஸ்’ என்று பெயர் இருந்தது. லண்டன் புறநகரில் ஒரு குறிப்பிட்ட வீடு இருந்தது. அந்த வீட்டில் முன்பு குடியிருந்தது யார், என்ன செய்தான் என்பதை, நேயர்கள் போன் செய்து சொல்வதுபோலத் துளித்துளியாகக் கசியவிட்டார்கள். வாதியின் பூர்வாசிரமம் வெளிவர வெளிவரத்தான் பார்த்தவர்களுக்கு வியர்த்தது. பெரியம்மா கேட்ட கேள்விக்கு அங்கே பதில் சொன்னார்கள். இங்கே சொல்வதில்லை.

மூடநம்பிக்கை வளரும் என்பது கடைசி மறுப்பு. கேபிள் டிவி விதிகள், 1994 இதை நினைத்துத்தான் மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சி கூடாது என்று எழுதிவைத்திருக்கின்றன. எனக்கு அந்தக் கவலை இந்தப் போட்டிகள் விஷயத்தில் இல்லை. தினக்கூலிக்கு வந்து, இயக்குநர் சொன்னதும் பாய்ந்து, ‘கட்’ என்றதும் டீ குடிக்கப் போகிற பேயால் எந்த நம்பிக்கையும் வளராது. இருக்கிற நம்பிக்கைதான் கெடும். நியாயமாகப் பார்த்தால் திராவிடர் கழகம் இவற்றுக்கு விளம்பரம் கொடுக்கலாம்.

சினிமாக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரிந்திருக்கிறது. 2023இல் வந்த சந்தானத்தின் ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ படத்தில் பாண்டிச்சேரி பங்களாப் பேய்களே போட்டி நடத்துகின்றன. தோற்றால் உயிர் போகும். ஆனால் போட்டி தொடங்கும் முன்பே, ஊரார் எரித்துவிட்ட சூதாட்டக் குடும்பம் அது என்று கணக்கு வழக்கைச் சொல்லிவிடுகிறார்கள். டிவிக்கும் அதே யோசனைதான் என் தரப்பில். லிஃப்ட் கதவு திறந்ததும் பேய் கத்த வேண்டாம். கையில் மனுவோடு நிற்கட்டும். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் நிற்பவர்களைப்போல வரிசையில் நின்றால் இன்னும் விசேஷம். வாய்க்கால் ஆக்கிரமிப்பு, உயில் மோசடி, கொடுக்காத குத்தகை, எதுவானாலும் சரி. போட்டியாளர் அதைக் கேட்டு, எதிர்த்தரப்பை விசாரித்து, விடிவதற்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் வேதாளத்தின் பழைய தண்டனையைச் சட்டம் அனுமதிக்காது. லிஃப்டை நிறுத்திவிட்டுப் படியேறி வரச் சொல்லலாம். இதில் ஒரே ஒரு சிக்கல். வெற்றி யாருக்கு என்று நேயர்களை ஓட்டுப் போடச் சொன்னால், டெல்டா மாவட்டங்களின் ஓட்டு மொத்தமும் பேய்க்கு விழும். பரிசுத் தொகையை அதனிடம்தான் கொடுத்தாக வேண்டும். டிவி போட்டிப் பணத்தில் 30 சதவீதம் வருமான வரி பிடிப்பார்கள். அதற்குப் பான் கார்டு கேட்பார்கள். பேய் பான் கார்டு வாங்கி முடிப்பதற்குள் சேனலுக்கு அடுத்த சீசன் வந்துவிடும், அதற்கும் தனியாக ஒரு பிராது சேர்ந்துவிடும்.