வாழை ஏன் நிற்கிறது? நிமிர்வியல் நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை: தேக்கு நிமிர்ந்து நிற்பதில் வியப்பில்லை, உள்ளே வைரம் பாய்ந்த கட்டை இருக்கிறது. வாழைக்கு அதுவுமில்லை. குறுக்கே வெட்டினால் ஆண்டு வளையம் தெரியாது, தண்ணீர்தான் வடியும். இருந்தும் ஆளுயரம் தாண்டி விறைப்பாக நிற்கிறது. யாரைக் கேட்டு? நெதர்லாந்தில் ஒரு செல்வரின் தோட்டத்தில் வாழை பூத்ததைக் கண்டு லின்னேயஸ் 1736இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அவருக்குப் பூ; நமக்குத் தண்டு.

ஆய்வு முறை: கருவிகள் ஓர் அரிவாள்மணை, ஒரு சொம்பு மோர். இன்னும் பூக்காத வாழை ஒன்றின் மட்டைகள் ஒவ்வொன்றாக உரிக்கப்பட்டன. மட்டைக்குள் மட்டை, அதற்குள் மட்டை, நடுவே சுருட்டி வைத்த குருத்திலை. தண்டு எங்கே? அது கிழங்காக மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெளியே நாம் கட்டிப்பிடிக்கும் அடிமரம், ஒன்றையொன்று இறுகத் தழுவிய இலையடிகளின் கூட்டணி.

அடுத்து, தார் தள்ளிய வாழை. உரிக்க உரிக்க, மணிக்கட்டுப் பருமனில் வெள்ளை வெளேரென்று தண்டு வெளிப்பட்டது. பூக்கும் பருவம் வந்ததும் கிழங்கிலிருந்து கிளம்பி, மட்டைகளின் நடுவே ஏறி, உச்சியில் பூவை நீட்டுவது இதுவே. வட்ட வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமலிருக்க மோரில் போடப்பட்டது. சான்றுப்பொருள் மதியம் பொரியலாகிவிட்டதால் மறு ஆய்வுக்கு இடமில்லை.

கண்டறிந்தவை: தண்டே இல்லாத பருவத்தில் வாழை தானாக நின்றது. தண்டு வந்து, தாரும் தொங்கிய பிறகே சாய்ந்தது. விவசாயி சவுக்குக் கம்பு தேடி ஓடினார். ஆகவே முதல் நிமிர்வியல் விதி: முதுகெலும்பு முளைத்த பிறகுதான் முட்டு தேவைப்படும். குற்றம் தாரின் பாரத்தில் இருக்கிறது, தண்டின் மேல் பழி போடாதீர்கள் என்பார் தாவரவியலார். அப்படி ஒப்புக்கொண்டால் விதி போய்விடும், எனவே ஒப்புக்கொள்ளவில்லை.

எதிர்வாதம்: கல்யாண வீட்டு வாசலில் தண்டும் தாருமாக, கம்பு ஏதுமின்றி வாழை நேராக நிற்கிறதே?

மறுமொழி: ஐயமுள்ளவர்கள் பந்தக்காலோடு கட்டிய கயிற்றை அவிழ்த்துப் பார்க்கலாம். முகூர்த்த நேரத்தில் தார் மாப்பிள்ளை வீட்டார் தலையில் விழுந்தால் ஆய்வாளர் பொறுப்பல்ல.