உப்புத் தண்ணீரில் ஊர் இறால்: ஓர் எளிய வழிகாட்டி

தர்மபுரியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்கச் சாலை வழியே 200 கிலோமீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். கடலை என்றதும் நிலக்கடலை நினைவுக்கு வரும் மாவட்டம் எங்களுடையது. இப்படிப்பட்ட ஊரில், கூடத்து மூலையில் ஒரு கண்ணாடிக் கடலை உண்டாக்கி அதில் நன்னீர் இறாலை நீந்தவிட ஒருவருக்கு ஆசை வந்தால் தடுக்கக் கூடாது. ஆறு இறால்களைச் செலவழித்துப் படித்தவன் என்ற தகுதியில் வழிமுறையைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எந்தத் தண்ணீர் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். நம் பக்கத்து வீடுகளில் இரண்டு குழாய்: ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி. வெளியூர்க் கடை ஒன்றில் போய், "அண்ணா, எங்க வீட்ல உப்புத் தண்ணிதாங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடல் தொட்டி வைத்திருக்கும் வசதியான ஆள் என்று நினைத்துப் பவளப்பாறை விலை சொல்ல ஆரம்பித்தார். நான் சொன்னது போர் தண்ணீரை. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு அரை கிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2 கிராம்வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். நாம் குளிக்கும்போது சோப்பு நுரைக்கவில்லை என்று திட்டுகிறோமே, அந்த உப்புத் தண்ணி கடலுக்கு முன்னால் இளநீர்.

எங்கள் போர் தண்ணீரின் உண்மையான புகழ் உப்பால் வந்ததும் அல்ல, ஃபுளோரைடால் வந்தது. பல ஊர்களில் பல்லைப் பார்த்தே கிணற்றைச் சொல்லிவிடலாம். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் திறக்கப்பட்டது. ஆகவே தொட்டியில் காவிரித் தண்ணீரையே நிரப்புங்கள். குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள். அதற்கு முன்பே இறாலை விட்டால் இந்த வழிகாட்டி இத்துடன் முடிந்துவிடும்.

அடுத்து உப்பு. லிட்டருக்கு 35 கிராம் வீதம் 50 லிட்டர் தொட்டிக்கு ஒன்றே முக்கால் கிலோ. மளிகைக் கடையில் வாங்காதீர்கள், கடை அக்கா "இத்தனை உப்பா, ஊறுகாயா?" என்று கேட்பார், நீங்கள் பொய் சொல்ல வேண்டிவரும். தவிர, கடல் என்பது சமையலுப்பு கரைந்த நீர் மட்டுமல்ல. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்ஃபேட் எல்லாம் கணக்காகக் கலந்த சரக்கு அது. கடல் தொட்டிக்கென்று தனி உப்புக் கலவை விற்கிறது. சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கரைத்து, ஏர் பம்ப்பைப் போட்டுவிடுங்கள். உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், கரண்ட் போனால் நீங்களே ஊதவேண்டியிருக்கும்.

இப்போது இறாலை விடலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். வேகமாகச் சுற்றும். குதிக்கவும் பார்க்கும். பார்க்க வந்த பிள்ளைகள் "டான்ஸ் ஆடுது" என்பார்கள், நீங்களும் நம்புவீர்கள். கண்ணாடிபோலத் தெளிந்திருந்த உடம்பு கொஞ்ச நேரத்தில் பால்போல வெளுக்கும். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஓய்வெடுக்கிறது என்று முதல் மூன்றையும் நான் தொந்தரவு செய்யவில்லை.

உள்ளே நடப்பது, மாங்காயை நறுக்கி உப்புப் போட்டால் நடப்பதுதான். தண்ணீர் விட்டுக்கொள்கிறது. ஆற்று இறாலின் ரத்தத்தில் உள்ள உப்பு, கடலில் இருப்பதில் பாதிகூட வராது. ஆனால் ஆற்றைவிட மிக அதிகம். அதனால் ஆற்றில் இருக்கும்வரை தண்ணீர் அதன் உடம்புக்குள் கசிந்துகொண்டே இருக்கும். கசியும் பரிசலில் உட்கார்ந்தவன் சொம்பால் இறைப்பதுபோல அது ராப்பகலாகத் தண்ணீரை வெளியேற்றும். போகிற உப்பைச் செவுள் வழியாகத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். கடல் தொட்டியில் கசிவு எதிர்த்திசைக்கு மாறிவிடுகிறது. இறைக்க மட்டுமே கற்ற பிழைப்பு அங்கே செல்லாது. துளித்துளியாக உப்பேற்றிப் பழக்கினால், நடுத்தர உப்பைச் சில இனங்கள் தாங்கும். ஆனால் 35-ஐத் தொட்ட தொட்டியில் குடித்தனம் நடத்தாது.

சரி, முடியாது என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்லிவிட முடியாதபடி இடையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கடைகளில் ஸ்கேம்பி என்று விற்கும் நீலக்கால் இறால் சுத்தமான நன்னீர்ப் பிறவி. அதன் குஞ்சுகள் அப்படி இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்து சில நாளுக்குள் உப்பு கலந்த நீர் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். முகத்துவாரத்தில் கொஞ்ச வாரம் உப்புத் தின்று, உருவம் கூடிய பிறகே ஆற்றில் ஏறி வரும். காவிரியின் பெரிய இறால் இனங்களுக்கும் இதே வழக்கம். 1960-களின் தொடக்கத்தில் மலேயாவின் பினாங்கில் லிங் என்ற விஞ்ஞானி குஞ்சுகள் ஏன் சாகின்றன என்று தெரியாமல் மண்டை காய்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் தண்ணீரில் போட்டுப் பார்த்தாராம். சோயா சாஸ் விழுந்த பாத்திரத்தில் குஞ்சுகள் உயிரோடு நின்றன என்று ஒரு கதை உலவுகிறது. சாஸ் அல்ல, அதிலிருந்த உப்பு. இன்றைய குஞ்சுப் பண்ணைகள் லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்பு வைக்கின்றன. நன்னீரும் இல்லை, கடலும் இல்லை.

ஆக, தாய்க்கு விஷமானது பிள்ளைக்குப் பால். இதை ஒகேனக்கல்லில் நின்று யோசித்துப் பாருங்கள்: பூம்புகாரிலிருந்து ஏறிவரும் ஒரு குட்டி இறால் கல்லணை, முக்கொம்பு எல்லாம் தாண்டினாலும், 1934-ல் எழும்பிய மேட்டூர் அணையின் சுவரில் முட்டி நிற்கும். கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனுக்கு அந்த அணையோடு வழி அடைபட்டது மீன்துறைப் பாடங்களில் பழைய செய்தி.

எதிர்த்திசைப் பயணத்தில் மட்டும் இறாலுக்கு யோகம். கடல்வாசியான வன்னாமெய் இறால் 2009-ல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. இன்று கடலே பார்க்காத ஹரியானாவில், உவர் நிலத்தடி நீரில் வளர்கிறது. அந்த நீரில் பொட்டாசியம் குறைவு என்று விவசாயிகள் பொட்டாஷ் உரத்தைக் குளத்தில் கொட்டுகிறார்கள். பாலக்கோட்டில் தக்காளிக்குப் போடுகிறோமே, அதே மூட்டை.

எஞ்சிய மூன்று இறால்களை நல்ல தண்ணிக்கு மாற்றிப் பார்த்தேன். தாமதம். உங்களுக்கும் இந்தக் கட்டம் வரும், அப்போது 50 லிட்டர் உப்பு நீர் மிஞ்சும். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், அந்தப் பாவமும் சேரும். அகலமான தட்டுகளில் ஊற்றி மொட்டை மாடியில் வையுங்கள். எங்கள் ஊர்ப் பங்குனி வெயிலுக்குச் சில நாளில் உப்பு திரும்பி வந்துவிடும். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக் கருவாடு போடவா என்று கேட்டால், ஆமாம் என்றே சொல்லிவிடுங்கள். இறாலும் கைவசம்தானே இருக்கிறது.