'வா' என்னும் நெடில்: பேரலல் பார்க்கிங்கின் மாத்திரை இலக்கணம்

சாலையோரம் நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே மூன்றாவதைப் பின்பக்கமாகச் செருகும் கலையை மேலைநாட்டார் ஆராயாமல் இல்லை. லண்டன் ராயல் ஹாலோவேயின் கணிதப் பேராசிரியர் சைமன் பிளாக்பர்ன் 2009-இல் இதற்கொரு சூத்திரமே கண்டார். கார் திரும்பும் வட்டம், முன்பின் சக்கரங்களின் இடைவெளி, முன்னால் நிற்கும் காரின் அகலம் எல்லாம் அதில் உண்டு. வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமும் உண்டு. இஸ்திரிக்காரர் மட்டும் இல்லை. ஆகவே மேற்கு மாம்பலத்தில் அது செல்லாது.

நம் சட்டமும் அதிகம் உதவவில்லை. உரிமம் கேட்பவர் குறுகிய இடத்துக்குள் வண்டியை ரிவர்ஸில் ஓரளவு துல்லியமாக விட வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். ஓரளவு என்பது எவ்வளவு என்று சொல்ல உரையாசிரியர் எவரும் வாய்க்கவில்லை.

இடப்பக்கம் முழுசாக ஒடி, பாதி நுழைந்ததும் நேராக்கு, பிறகு வலப்பக்கம் ஒடி. பயிற்சிப் பள்ளியில் சொன்னது இவ்வளவுதான். ஸ்டியரிங் இருப்பது வலப்பக்கம், நடைபாதை இடப்பக்கம். எந்த மூலை உரசப்போகிறதோ அதுதான் ஓட்டுபவருக்கு வெகு தூரம். அங்கே ஒருவர் நின்றாக வேண்டும். நிற்கவும் செய்கிறார். யாரும் கூப்பிடுவதில்லை, ரிவர்ஸ் விளக்கு எரிந்ததும் தோன்றிவிடுகிறார்.

எங்கள் தெருவில் அவர் இஸ்திரிக்காரர். அவர் சொல்லும் 'வா'தான் இந்த ஆய்வின் மூலப்பாடம். தொல்காப்பியர் கணக்கில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை. ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம். முழத்துக்கு மேல் இடமிருந்தால் இவர் வாயில் அளபெடை: "வாஅஅங்க சார்". ஒரு முழம் ஆனதும் வெறும் நெடில்: "வா, வா". விகுதிக்கும் சாருக்கும் அவகாசமில்லை என்பதால் மரியாதைக் குறைவு என்று கொள்ளலாகாது. சாண் அளவில் குறில்: "வ, வ, வ". அதன்பின் சொல்லே கிடையாது, டிக்கிமேல் உள்ளங்கை விழும். ஒற்றுக்கு அரை மாத்திரை என்று பள்ளியில் படித்தது எனக்கு விளங்கியது அந்தத் தட்டில்தான்.

இந்த மரபுக்கு இடையூறு, 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமான ரிவர்ஸ் சென்சார். அதன் இலக்கணம் தலைகீழ். தொலைவில் இருந்தால் குறில், விட்டுவிட்டு: "பிப்... பிப்". நெருங்கினால் அடுக்குத்தொடர். முட்டும் தறுவாயில் மூச்சுவிடாத அளபெடை: "பீஈஈஈ".

ஒரு சாயங்காலம் இரண்டும் ஒருசேர ஒலித்தன. வெளியே "வ, வ, வ". சென்சார் கணக்கில் அதற்கு இன்னும் இடமிருக்கிறது என்று பொருள். உள்ளே "பீஈஈஈ", இஸ்திரிக்காரர் கணக்கில் அதற்குத் தாராளமாக வரலாம் என்று பொருள். நான் வந்தேன். பம்பரும் மின்கம்பமும் புணர்ந்தன. விகாரப் புணர்ச்சி: பள்ளம் தோன்றல், பெயின்ட் திரிதல், சென்சார் கெடுதல்.

இஸ்திரிக்காரர் தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைக்காமலே குனிந்து பார்த்தார். சென்சார் இருந்த ஓட்டையை விரலால் தடவினார்.

"விடுங்க சார்," என்றார். "இனிமே நான் சொல்றது உங்களுக்கு நல்லா கேக்கும்."