உதிர்ந்த பிட்டும் ஊருக்கு விழுந்த அடியும்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் 64 விளையாடல்களுள் 61ஆவதான மண் சுமந்த படலம், இறைவன் ஏழைக்கு இரங்கிய கதையாகவே மதுரையில் போற்றப்பட்டு வருகிறது. எனினும் அதன் வரவு செலவைச் சற்றே கூட்டிப் பார்ப்பவருக்கு, அதில் கூடுதலாக இரங்கியவர் யார் என்னும் ஐயம் எழாமற் போகாது.

குதிரை வாங்கத் தந்த பொன்னைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவிட்ட அமைச்சர் வாதவூரரை, அதாவது மாணிக்கவாசகரை, அரிமர்த்தன பாண்டியன் வைகையின் சுடுமணலில் நிறுத்தி வருத்த, ஆறு பெருகிக் கரையை உடைத்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, அளந்துவிட்ட பங்கை அடைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது; வீட்டில் ஆளே இல்லாதவர் என்ன செய்வது என்பதற்கு, ஆணைகளின் வழக்கப்படி, அதில் விடை இல்லை. பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டி அவ்வாறு ஆளற்றவள்.

அவளுக்காகக் கூடையும் மண்வெட்டியுமாகக் கூலியாள் உருவில் வந்து நின்ற இறைவனுக்கு உதிர்ந்த பிட்டு மட்டுமே கூலி என்று பேச்சு முடிந்ததாக மக்கள் வழங்கும் கதை சொல்கிறது. நீர் தெளித்துப் பிசிறிய அரிசி மாவு, பிடித்தால் பிடிபடவும் விரல் பட்டால் உதிரவும் வேண்டும் என்பது பிட்டின் பக்குவம். அதில் கைதேர்ந்த கிழவிக்கு அன்று மட்டும் ஈடு ஈடாக உதிர்ந்துகொண்டே போனபோது, ஆளின் மீது ஐயம் வந்திருக்க வேண்டும். அவளோ, வேலை முடியுமுன் முழுக் கூலியும் கொடுக்கலாகாது என்று கட்டட வேலை பார்க்கும் எவரும் அறிந்த நெறியை மறந்து, பசிக்கிறது என்றவனை ஒரு கூடை மண்கூட விழுவதற்கு முன்பே வயிறார உண்ணச் செய்தாள்.

உண்டவன் பாடினான், ஆடினான், படுத்து உறங்கினான். ஊரார் பங்கெல்லாம் அடைபட, வந்தியின் பங்கு மட்டும் திறந்தே கிடந்தது. இறைவனுக்கு இரங்குவது தொழில், கையிருப்புக்கும் குறைவில்லை. அன்றாடம் விற்றால்தான் அடுப்பெரியும் என்னும் நிலையில் முன்பின் அறியாத ஒரு சோம்பேறிக்கு முதலையே எடுத்து ஊட்டியவளின் இரக்கம் அத்தகைய வசதி எதுவும் இல்லாதது.

பாண்டியன் கூலியாளைப் பிரம்பால் அடித்த அடி, அடித்தவன் முதுகு உட்பட எல்லா உயிர்கள் மீதும் பட்டதும், கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைய, கரை அடைபட்டது. பரஞ்சோதியாருக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட திருவாசகமே இந்த அடியைப் பேசுகிறது. பிட்டு ஒருவர் வயிற்றுக்குப் போக, அடி மட்டும் ஊருக்கெல்லாம் பொதுவானது எந்தக் கணக்கிலும் நேராகாத பங்கீடு. ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் திரளும் மதுரை மக்கள், அந்தப் பாக்கியைத்தான் வசூலிக்க வருகிறார்கள் போலும்.