ஜேசிபி வாசித்த வித்வான்

1985 ஆகஸ்ட் 4. டோக்கியோவில் சூப்பர் லாஃப்ட் என்றொரு அரங்கம். வாசலில் ஒரு தாளை நீட்டுகிறார்கள். உள்ளே நமக்கு ஏதாவது ஆனால் அரங்கத்துக்காரர் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சொந்தக்காரரிடம் வாங்குகிற கையெழுத்தை, இங்கே பேஷண்டே சிரித்துக்கொண்டு போட்டுவிட்டு உள்ளே போகிறார்.

பாட்டுக்காரர் யமட்ஸுகா ஐ மேடைக்கு நடந்து வரவில்லை. நம்மூரில் ஜேசிபி என்போமே, அந்த ஜாதி வண்டியில் வந்தார். கதவு வழியாக வந்தார் என்று சிலர் சொல்கிறார்கள், சுவர் வழியாக என்று சிலர். அவர் வந்து சேர்ந்த பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. கையில் கிடைத்ததையெல்லாம் உடைத்தார். கிளைமாக்ஸாக ஒரு பெட்ரோல் குண்டைக் கொளுத்தி எறியப் போனபோதுதான், 'தம்பி, போதும்' என்று கச்சேரியை முடித்தார்கள். சேதாரம் 6 லட்சம் யென். அன்றைய மதிப்பில் முப்பதாயிரம் ரூபாய்ப் பக்கம் வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு இதில் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஜேசிபி பார்க்க எதற்கு டிக்கெட்? பஜாரில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள் என்றால், டீ கிளாஸோடு ஐம்பது பேர் சுற்றி நின்று, 'இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல விடுப்பா' என்று ஆபரேட்டருக்கு யோசனை சொல்கிற ஊர் இது. கையெழுத்தும் கிடையாது, காசும் கிடையாது.

குழுவின் பெயர் ஹனடராஷ். 'மூக்கொழுகி' என்று பொருள். 80களின் நடுவில் ஒசாகாவில் யமட்ஸுகாவும் மிட்சுரு தபாடா என்ற கிடார்காரரும் சேர்ந்து தொடங்கியது. வாத்தியங்கள்: டிரில்லிங் மெஷின், ரம்பம், தகரம், இரும்பு. சுருதி சேர்க்கிற வேலை மிச்சம். யமட்ஸுகா ஒருமுறை சுழலும் ரம்பத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஆடி, தன் காலையே அறுத்துக்கொள்ளப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. செத்த பூனையை மேடையில் வெட்டினார் என்றும் சொல்வார்கள். பக்கத்து ராஜபாளையத்தில் அதைச் செய்திருந்தால், மிச்சக் கச்சேரியை ஊர் நாய்கள் நடத்தியிருக்கும்.

சத்தம் என்று வந்தால் நாமும் இளைத்தவர்கள் இல்லை. ராஜபாளையம் மில்ஸ் 1936-இல் வந்ததிலிருந்து அந்த ஊர் மூன்று ஷிஃப்டாக இரைச்சல் கச்சேரி கேட்டு வருகிறது. ஸ்பின்னிங்கில் ரிங் ஃபிரேம்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்கும் தொழிலாளி பேசுவது காதில் விழாது, வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இருபது வருஷம் அங்கே வேலை பார்த்த மாமா வீட்டுக்கு வந்து ரகசியம் சொன்னால் அது மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். இதற்கெல்லாம் யாரும் ஆல்பம் போடவில்லை, பி.எஃப். பிடித்தார்கள்.

டோக்கியோ விஷயத்துக்குப் பிறகு பெரும்பாலான அரங்கங்கள் ஹனடராஷைச் சேர்க்கவில்லை. பல வருஷம் மேடை கிடைப்பதே அரிதாகிவிட்டது. யமட்ஸுகா சும்மா இருக்கவில்லை. 1986-இல் போர்டம்ஸ் என்று இன்னொரு குழு. அதே கத்தல், ஆனால் சுவருக்குச் சேதமில்லை. யோஷிமி என்ற பெண் டிரம்ஸுக்கு வந்த பிறகு குழுவுக்கு ஒரு நடை வந்தது. இடித்தவரையே வார்னர் கம்பெனி கூப்பிட்டு, காசு கொடுத்து ஆல்பம் போட்டது. 1994-இல் அமெரிக்காவில் லொலபலூசா இசை விழாவில் மேடையேறினார்கள். இடையில் யமட்ஸுகா தன் பெயரை யமண்டகா என்று மாற்றிக்கொண்டார். எமனுக்கே எமனான பௌத்த தெய்வத்தின் பெயர் அது. அந்த அரங்கத்து முதலாளியைக் கேட்டிருந்தால் 85-லேயே வைத்திருப்பார்.

போகப் போக கத்தல் குறைந்து தோல்வாத்தியம் கூடியது. 2007 ஜூலை 7 அன்று நியூயார்க்கின் ப்ரூக்ளினில், ஆற்றோரப் பூங்கா ஒன்றில் 77 டிரம் செட்களைச் சுருளாக வைத்து வாசித்தார்கள். யமண்டகா நடுவில் நின்று, ஏழு கழுத்துள்ள கிடார் ஒன்றைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார். அனுமதி இலவசம். கையெழுத்தும் கேட்கவில்லை.

அடடா, இதற்கா 22 வருஷம்? பங்குனியிலோ சித்திரையிலோ ஏதாவதொரு அம்மன் கோயில் பொங்கலுக்கு ராஜபாளையம் பக்கம் வந்திருந்தால், முளைப்பாரி ஊர்வலத்தின் முன்னால் முதல் நாளே கிடைத்திருக்குமே. தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு நடக்கிறார், இடது கையில் கம்பு. பம்பை பின்னாலேயே ஓடிவருகிறது. உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி ஒரு இழு இழுக்கிறார். டிரில்லிங் மெஷினும் ரம்பமும் வைத்து யமட்ஸுகா தேடிய முனகல் அதுதான். எதிரே நிற்கும் அக்காவுக்குச் சாமி வந்துவிடுகிறது. சேதாரம் ஒரு தேங்காய், நாலு எலுமிச்சம்பழம்.

போலீஸ் தொல்லை மட்டும் இங்கே உண்டு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இலிருந்தே விதி இருக்கிறது. உறுமிக்கு மைக் எதற்கு என்று மேளக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ப்ரூக்ளின் கச்சேரிக்கு அடுத்த வருஷம், 2008 ஆகஸ்ட் 8, இந்தத் தடவை 88 டிரம். அதுவும் ஒரே நாளில் இரண்டு ஊரில். லாஸ் ஏஞ்சலிஸுக்கு போர்டம்ஸ் போய்விட்டார்கள், ப்ரூக்ளினைப் பார்த்துக்கொள்ள வேறொரு குழு. வளர்பிறை முகூர்த்தத்தில் ஒரே மேள செட் இரண்டு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டால் இங்கேயும் இப்படித்தான் ஆள் பிரிப்பார்கள், பெண் வீட்டாருக்குத் தெரியாமல்.